ஒரு ஸ்வரம் கீழே

எல்ஸ்ரோடா,
1765 ஜனவரி 14

கர்த்தருக்குள் அன்பான மகன் வாலண்டினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும், உன் அண்ணன் டோபியாஸும், அண்ணி சிபில்லாவும், அவர்கள் பெண்கள் மூவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. இங்கே குளிரில் மைக்கூடு உறைந்துவிட்டது. அதை அடுப்பருகே வைத்து உருக்கித்தான் இதை எழுதுகிறேன்.

சுகம் என்றேன், விரல்களைத் தவிர. வலது கை மூட்டுகள் வீங்கிக் கிடக்கின்றன. கிறிஸ்துமஸ் அன்று ஆர்கனில் உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டில் கை மடங்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற டோபியாஸ் என்னைப் பெஞ்சில் நகர்த்திவிட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தான். ஆர்கன் மாடத்துக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கை மாறியதே தெரியாது.

காண்டோர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று நகரசபையில் சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் ஊர்ப் பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, ஞாயிறுதோறும் கோயில் சங்கீதத்தை நடத்தியாயிற்று. போதும்.

அடுத்தவர் யார் என்ற பேச்சு வந்ததும் நகரத் தலைவர் க்ரும்பீகல் எழுந்தார். "உங்க சின்ன மகனைக் கூப்பிடுங்க. மான்ஹைம் அரண்மனையில வாசிக்கிறவர். அவராலே நம்ம ஊருக்கும் ஒரு பேரு வரட்டும்" என்றார்.

"பதினோரு வருஷமா பாதி வேலையை என் பெரியவன்தானே பாக்கிறான்" என்றேன்.

"டோபியாஸ் நல்ல வண்டிக்குதிரை. வண்டிக்குதிரையை யாராவது ஊர்வலத்துல விடுவாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று உறைத்தது.

முடிவு இதுதான். செப்டம்பர் இருபத்தொன்பது, மிக்கேல் திருநாள் அன்று உனக்குச் சோதனை. புதிதாக, பல பாட்டுகள் சேர்ந்த ஒரு திருநாள் கீர்த்தனை எழுதி, வந்து நடத்த வேண்டும். அப்பன் எழுதிக்கொடுத்தான் என்று நாளைக்கு எவனும் பேசக் கூடாது என்பதால் எல்லாத் தாள்களும் உன் கையெழுத்தில் இருக்க வேண்டும். தாள்கள் நகரசபைக்குத்தான் வந்து சேர வேண்டும். குமாஸ்தா ஒவ்வொன்றிலும் முத்திரை குத்துவார். அந்தத் தாளை வைத்துத்தான் வாசிக்க வேண்டும். பெரிய பிழை ஒன்று இருந்தாலும் நீ தோற்றாய்.

நம் ஆர்கன் இன்னும் பழைய சுருதியில்தான் இருக்கிறது. மற்ற வாத்தியங்களைவிட ஒரு முழு ஸ்வரம் உயரம்; அதன் தாளை அந்த அளவு இறக்கி எழுதினால்தான் எல்லாம் ஒத்துப்போகும். ஆர்கன் தாளை மட்டும் ஒரு ஸ்வரம் கீழே எழுத மறந்து, பத்து வயதில் என் அளவுகோலால் விரல் முட்டியில் வாங்கினாயே, அந்தத் தடம் இருக்கிறதா?

டோபியாஸிடம் விஷயத்தைச் சொன்னேன். "நல்லதுப்பா" என்றான். பிறகு விறகு வெட்டப் போனான். ஈஸ்டர் வரைக்கும் காணுமளவு வெட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.
உன் அப்பா,
மெல்கியோர் வீகாண்ட்

&nbsp;

மான்ஹைம்,
1765 பிப்ரவரி 9

என் மதிப்புக்குரிய அப்பாவுக்கு வாலண்டினின் வணக்கம். நான் சுகம். தங்கள் விரல்களைப் பற்றிப் படித்து மனம் சங்கடப்பட்டது. சூடான ஆட்டுக்கொழுப்பைத் தடவித் துணி சுற்றச் சொல்லி அண்ணியிடம் சொல்லுங்கள்.

அளவுகோல் தடம் அப்படியே இருக்கிறது. மழைக்காலத்தில் வலிக்கவும் செய்கிறது.

வருகிறேன் அப்பா. ஏன் என்று கேட்பீர்கள். இங்கே நாற்பது வில்கள் ஒரே கையாக ஏறி இறங்குகின்றன. மெல்லத் தொடங்கி, ஏறி, ஏறி, கடைசியில் கேட்பவர்கள் தங்களை அறியாமல் நாற்காலியை விட்டு எழுகிறார்கள். சொர்க்கம்தான். ஆனால் அந்த நாற்பதில் நான் எட்டாவது வயலின். என் சிம்பொனி ஒன்று போன மாதம் ஒரே ஒருமுறை வாசிக்கப்பட்டது. சபையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மெதுவான பகுதியில் ஒரு சீமாட்டி ஆட்டத்தில் ஜெயித்துக் கைதட்டினாள். எனக்கென்று நினைத்து நான் எழுந்து வணங்கிவிட்டேன். இன்னும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பதினெட்டுப் பையன்களும் ஒரு பழைய ஆர்கனும் போதும் எனக்கு. நான் எழுதுவதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு கோயில் வேண்டும்.

அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் இதனுள் வைத்திருக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த மகன்,
வாலண்டின்

&nbsp;

(அதே நாள், உள்ளே வைத்தது)

அன்புள்ள அண்ணாவுக்கு. நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் சுகமா?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்தப் பதவி ஒன்றுதான். பள்ளியை ஒட்டிய வீடும் பதவியோடு சேர்ந்தது. நான் வந்தால் நீங்கள் ஐந்து பேரும் எங்கே போவீர்கள்? பதவி உங்களுக்கு வேண்டுமென்றால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். நான் மான்ஹைமை விட்டு நகர மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

உங்கள் தம்பி,
வாலண்டின்

&nbsp;

எல்ஸ்ரோடா,
1765 மே 5

அன்புத் தம்பி வாலண்டினுக்கு. இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்துக்குப் பதில் தாமதமாகிவிட்டது. தவக்காலம், பிறகு ஈஸ்டர், பிறகு நாலு சாவு. எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு.

ஆர்கன் துருத்தியில் எலி கடித்துத் தோல் கிழிந்துவிட்டது. நானே தைத்துப் பசை போட்டேன். பெரிய குழாய்களில் ஒன்று ஈரத்தில் தானாக முனகுகிறது. போதகர் அது தன் பிரசங்கத்துக்குப் பதில் சொல்கிறது என்று கோபித்துக்கொள்கிறார். உருளைக்கிழங்கு இந்த வருஷம் கொஞ்சம் நட்டுப் பார்க்கிறோம். சிபில்லாவுக்கு நம்பிக்கை இல்லை.

நீ வந்து வயலினோடு முன்னால் நின்று நடத்து. ஆர்கனில் நான் உட்காருகிறேன். உனக்குத் தெரிந்த கைதான்.

நீ கேட்டதைப் பற்றி. நகரசபை சொல்கிறபடி நடக்கட்டும்.

உன் அண்ணன்,
டோபியாஸ்

&nbsp;

ஷ்வெட்சிங்கன்,
1765 ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணாவுக்கு. சுகம்தானே? கோடைக்காக அரண்மனையே இங்கே வந்துவிட்டது. தினம் இரண்டு கச்சேரி, நடுவில் வேட்டை. தூங்க நேரமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"நகரசபை சொல்கிறபடி" என்று எழுதினீர்கள். அதை நாலுமுறை படித்தேன். பதவி வேண்டும் என்றால் அண்ணன் சொல்லியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதும் உண்மை.

தாள்களை நகரசபைக்கு இன்றைய தபால் வண்டியில் அனுப்பிவிட்டேன். பதினெட்டுத் தாள், எல்லாம் என் கையெழுத்து. கடைசி ஆறு தாள்களை வண்டிக்காரன் வாசலில் கத்திக்கொண்டிருக்கும்போது எழுதினேன். மூன்றாவது பாட்டைக் கவனியுங்கள் அண்ணா. "தேவதூதரே, என் அருகில் நில்லுங்கள்" என்று ஒரே ஒரு குரல் கேட்கும். பதிலை ஆர்கன் தனியாகச் சொல்லும். அந்தப் பதிலை எழுதும்போது உங்கள் கைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு லீவு குறைவு. திருநாளுக்கு முந்தின மாலைதான் வந்து சேர முடியும். அதுவரை ஒத்திகையை நீங்களே நடத்திவிட வேண்டும். உங்களைத் தவிர யாரை நம்புவேன்?

உங்கள் தம்பி,
வாலண்டின்

&nbsp;

எல்ஸ்ரோடா,
1765 செப்டம்பர் 8

அன்புத் தம்பிக்கு. எல்லோரும் சுகம். உன் தாள்கள் வந்தன. முத்திரை குத்தியாயிற்று. எண்ணிப் பார்த்தேன், பதினெட்டும் இருக்கின்றன. ஒத்திகை தொடங்கிவிட்டேன். மூன்றாவது பாட்டைப் பையன்கள் தெருவில் பாடிக்கொண்டு போகிறார்கள். கம்பளிச் சட்டை எடுத்து வா. ஆர்கன் மாடத்தில் குளிரும்.

மற்றபடி குறையில்லை.

டோபியாஸ்

&nbsp;

எல்ஸ்ரோடா,
1765 அக்டோபர் 6

என் அருமை மகன் வாலண்டினுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நீ சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாயா? அண்ணி கட்டிக்கொடுத்த பிளம் பணியாரம் எந்த ஊர் வரைக்கும் தாங்கியது?

நீ வண்டி ஏறியதிலிருந்து இந்த ஊரில் வேறு பேச்சில்லை. ரொட்டிக்கடைக்காரன் என்னை நிறுத்தி, "காண்டோர் ஐயா, அந்த முதல் பாட்டு ஏறிக்கிட்டே போச்சே, எம் பொண்டாட்டி எழுந்து நின்னுட்டா. கோயிலை விட்டு ஓடணுமோன்னு பயந்துட்டாளாம்" என்றான். பால் பொங்குகிற மாதிரி நீ பொங்க விட்டாய். எனக்கு அந்த வித்தை பிடிக்காது. உள்ளே சரக்கு இல்லாதவன் செய்கிற வேலை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன்னிடம் சரக்கு இருக்கிறது.

மூன்றாவது பாட்டுக்கு வருகிறேன். நான் ஐந்து குரலைப் பின்னிப் பின்னித்தான் சங்கீதம் எழுதினேன். ஒரு குரல் தனியாகப் போனால் சட்டை போடாமல் தெருவுக்கு வந்தவனைப் போல எனக்குக் கூச்சமாக இருக்கும். உன் பாட்டில் ஒரு குரல்தான் கேட்டது. ஆர்கன் பதில் சொன்னது. முப்பத்தெட்டு வருஷம் ஐந்து குரலில் நான் சொல்லப் பார்த்ததை நீ ஒன்றில் சொல்லிவிட்டாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. மெல்கியோர் வீகாண்ட் கோயிலில் அழுதான் என்று க்ரும்பீகல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும்.

நகரசபை உனக்கே பதவி என்று முடிவு செய்துவிட்டது. பரீட்சிக்க வந்த பக்கத்து ஊர்க் காண்டோர் ஸ்ட்ரோபலும் சம்மதம் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெண்ட் காலத்தின் முதல் ஞாயிறன்று நீ பொறுப்பேற்க வேண்டும். கடிதம் தனியாக வரும்.

டோபியாஸ், பஹ்ராவில் துணை ஆசிரியர் வேலை காலி என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருக்கிறான். அங்கே ஆர்கன் கிடையாது.

அன்று நீ ஆர்கனுக்கு முதுகைக் காட்டி நின்றாய். அதனால் ஒன்று செய்கிறேன். சோதனை முடிந்தால் தாள்கள் எழுதினவனுக்குச் சொந்தம். பதினெட்டையும் அனுப்புகிறேன். ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்.

உன் அப்பா,
மெல்கியோர்

&nbsp;

மான்ஹைம்,
1765 அக்டோபர் 24

அண்ணா,

சுகம் விசாரிக்கக் கை வரவில்லை. மன்னியுங்கள்.

ஆர்கன் தாள் என் முன்னால் கிடக்கிறது. முத்திரை இருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது. நான் அதை ஒரு ஸ்வரம் கீழே எழுதவில்லை. மற்ற வாத்தியங்களுக்கு எழுதிய அதே சுருதியில் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக எல்லாம் ஒரே சுருதியில் இருக்கிற இடத்தில் வாழ்ந்துவிட்டேன். அப்பா ஜனவரியிலேயே அளவுகோலை நினைவூட்டினார். நான் அதைப் படித்துச் சிரித்துவிட்டு மறந்தேன்.

இருந்ததை இருந்தபடி நீங்கள் வாசித்திருந்தால் முதல் அடியிலேயே பாடகர்கள் ஒரு பக்கம், ஆர்கன் ஒரு பக்கம் இழுத்திருக்கும். ஊர் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கும். க்ரும்பீகல் என்னை அன்றே வண்டி ஏற்றியிருப்பார். பதவி உங்கள் கையில் விழுந்திருக்கும்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பென்சில் கோடு இல்லை. நகத்தால் கீறிய அடையாளம்கூட இல்லை. அப்படியானால் அன்று கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கையால் வேறொன்றை வாசித்தீர்கள். முழுக் கீர்த்தனையும். அந்த மூன்றாவது பாட்டின் ஓட்டங்களும். அவற்றை எழுதின சுருதியில் வாசிக்கவே இங்கே இருவரால்தான் முடியும். இன்னொரு சுருதிக்கு மாற்றி, ஒரு தடுமாற்றம் இல்லாமல் வாசிக்க ஒருவரும் இல்லை. நான் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாம் என் திறமை என்று நினைத்து வில்லை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் அண்ணா? ஒரே ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

வாலண்டின்

&nbsp;

எல்ஸ்ரோடா,
1765 நவம்பர் 4

கொழுந்தனாருக்கு அண்ணி சிபில்லா எழுதுவது. நாங்கள் சுகம். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை உங்கள் அண்ணன் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஒரு வாரமாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். அவர் எழுத மாட்டார். எனக்கு அந்த அடக்கம் எல்லாம் கிடையாது. நான் இறைச்சிக்கடைக்காரன் மகள்.

தாள்கள் முத்திரையோடு வீட்டுக்கு வந்த அன்று நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாமா அடுப்போரம் புகைக்குழாயோடு உட்கார்ந்திருந்தார். பள்ளி முடிந்து வந்த உங்கள் அண்ணன் தாள்களைப் பிரித்துப் பார்த்தார். ஒரு தாளில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாச்சு?" என்றேன்.

"ஆர்கன் தாளை மாத்தி எழுதாம விட்டுட்டான்" என்றார்.

பதினாலு வருஷமாக இந்த வீட்டில் குப்பை கொட்டுகிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

"அப்ப நகரசபைக்குச் சொல்லுங்க."

"சொன்னா அவன் தோத்துடுவான்."

"தோக்கட்டுமே. நீங்களா தப்பு செஞ்சீங்க?"

"தாளை மாத்தவும் முடியாது. முத்திரை இருக்கு."

"அப்ப இருக்கிறபடியே வாசிங்க. உங்க மேல யாரு குத்தம் சொல்லுவாங்க? மூணு பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு பஹ்ராவுக்குப் போயி மாட்டுக்கொட்டகையில படுக்கணும்னு உங்களுக்கு ஆசையா?"

கோபத்தில் கையிலிருந்த மாவை மேசையில் அறைந்தேன். மாமா வாயைத் திறக்கவில்லை. உங்கள் அண்ணன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். சாப்பாட்டு மணம் வந்த பையன் முகம் மாதிரி இருந்தது.

"மூணாவது பாட்டை நீ இன்னும் கேக்கலை சிபில்லா" என்றார். "இப்படி ஒண்ணை நம்ம குடும்பத்துல யாரும் எழுதினதில்லை. அப்பாவும் எழுதலை. என்னால சாகிற வரைக்கும் எழுத முடியாது. இதை நான் கெடுத்துட்டு அந்த ஆர்கன் முன்னாடி எப்படி உக்காருவேன்?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து பள்ளி விட்டதும் கோயிலுக்குப் போவார். சாப்பிடும்போது இடது கை மேசையில் ஓடிக்கொண்டே இருக்கும். சின்னவள், "அப்பா, சூப்புல விரல் விழுது" என்று சிரிப்பாள். மூன்று வாரத்தில் ஆளே இளைத்துப்போனார்.

திருநாள் அன்று நான் கீழே உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது பாட்டு வந்தது. எனக்குத் திட்டத் தெரியாமல் போய்விட்டது. அது வேறு விஷயம். பாட்டு நன்றாக இருந்ததற்காக என் பெண்களுக்கு வீடு இல்லாமல் போக வேண்டுமா என்று இன்னமும் கேட்கிறேன்.

அவருக்கு அந்தப் பதவி வேண்டும். உங்கள் பிப்ரவரிக் கடிதத்துக்கு மூன்றுமுறை பதில் எழுதினார். "வேண்டும்" என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். மூன்றையும் அடுப்பில் போட்டார். "நான் கேட்டா அவன் விட்டுக்கொடுப்பான். கேட்டு வாங்கினது மாதிரி ஆயிடும்" என்றார்.

சாமான் கட்டத் தொடங்கிவிட்டேன். கண்ணாடிப் பாத்திரங்களை எதில் சுற்றுவது என்று தேடினேன். வீடு முழுக்கச் சங்கீதத் தாள்கள். எதையும் தொட விட மாட்டேன் என்கிறார்.

அண்ணி,
சிபில்லா

&nbsp;

மான்ஹைம்,
1765 நவம்பர் 14

மதிப்புக்குரிய அப்பாவுக்கு வாலண்டினின் வணக்கம். விரல்கள் எப்படி இருக்கின்றன? துணி சுற்றுகிறீர்களா?

அண்ணியிடம் சாமான் கட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

இன்று நகரசபைக்கு எழுதிவிட்டேன். முத்திரை குத்திய ஆர்கன் தாளையும் கூடவே அனுப்பியிருக்கிறேன். "சோதனைக்கு வந்தவன் ஒரு மாணவன்கூடச் செய்யாத பிழை செய்தான். உங்கள் விதிப்படி அவன் தோற்றவன். அன்று நீங்கள் கேட்ட சங்கீதத்தைக் காப்பாற்றியவர் ஆர்கனில் இருந்தார். சந்தேகம் இருந்தால் ஸ்ட்ரோபல் ஐயாவைக் கூப்பிட்டு இந்தத் தாளைக் காட்டுங்கள்" என்று எழுதினேன். வெறுமனே எனக்குப் பதவி வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அவர்கள் மூன்றாவது ஆளைத் தேடுவார்கள். வண்டிக்குதிரைதான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

ஊர் சிரிக்கும். இங்கேயும் செய்தி வந்து சேரும். சீட்டாட்டக் கதையோடு இதுவும் சேர்ந்துகொள்ளட்டும். எட்டாவது வயலினுக்கு இதற்குமேல் இறங்க இடமில்லை.

அப்பா, நான் பிறந்ததிலிருந்து எல்லோரும் எனக்குத்தான் கைதட்டினார்கள். அண்ணன் எனக்குத் துருத்தி மிதித்தார், தாள் திருப்பினார், பேனா சீவிக்கொடுத்தார். நானும் அது இயற்கை என்று நினைத்தேன். இப்போது சொல்கிறேன். நம் வீட்டின் பெரிய சங்கீதக்காரர் அவர்தான். எனக்கு எழுத வரும். அதைச் சங்கீதமாக்க அவர் வேண்டியிருந்தது.

தாள்களை "நிதானமாகப் பார்" என்று எழுதினீர்கள். உங்களுக்கு முன்பே தெரியுமா?

தங்கள் மகன்,
வாலண்டின்

&nbsp;

எல்ஸ்ரோடா,
1765 டிசம்பர் 2

என் மகன் வாலண்டினுக்கு அப்பா எழுதுவது. எல்லோரும் சுகம். விரல்களைப் பற்றி இனி கேட்காதே. அவை ஓய்வு பெற்றுவிட்டன.

உன் கடிதம் நகரசபையில் வாசிக்கப்பட்டபோது க்ரும்பீகல் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஸ்ட்ரோபலுக்கு ஆள் அனுப்பினார். ஸ்ட்ரோபல் வந்தார், பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இந்தத் தாளை வச்சா அன்னைக்கு வாசிச்சார்?"

குமாஸ்தா முத்திரையைக் காட்டினார். ஸ்ட்ரோபல் உடனே எங்களைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆர்கனில் உட்கார்ந்து ஒரு ஸ்வரம் இறக்கி வாசித்துப் பார்த்தார். ஒன்பதாவது அடியில் விழுந்தார். மறுபடி தொடங்கி ஏழாவதில் விழுந்தார். பெஞ்சை விட்டு இறங்கி, "என்னை ஏன் பரீட்சை பண்ணக் கூப்பிட்டீங்க? அவர்தான் என்னைப் பரீட்சை பண்ணணும்" என்றார்.

க்ரும்பீகல் டோபியாஸைப் பள்ளியிலிருந்து கூப்பிட்டு, "ஏன் எங்ககிட்ட சொல்லலை?" என்று கேட்டார்.

"நீங்க கேக்கலையே" என்றான் உன் அண்ணன்.

நேற்று, அட்வெண்ட் முதல் ஞாயிறு, டோபியாஸ் வீகாண்ட் எல்ஸ்ரோடாவின் காண்டோர் ஆனான். கோயில் வாசலில் க்ரும்பீகலைப் பிடித்தேன். "தலைவரே, நம்ம வண்டிக்குதிரை ஊர்வலத்துல எப்படி நடக்குது?" என்றேன். அவர் குளிரைப் பற்றிப் பேசினார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். தெரியும். டோபியாஸுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். குமாஸ்தா தாள்களைக் கொண்டுவந்தபோது வீட்டில் நான் தனியாக இருந்தேன். ஆசை தாங்காமல் பிரித்தேன். ஆர்கன் தாளைப் பார்த்ததும் எனக்கு அளவுகோல் தேடத் தோன்றியது. பிறகு பயம் பிடித்தது. சொன்னால் உன்னைத் தோற்கடிப்பவன் நான். சொல்லாமல் விட்டால் டோபியாஸின் தலையில் சுமையை ஏற்றுகிறவன் நான். தாளை அடியில் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் புகைக்குழாயைப் பற்றவைத்தேன். சிபில்லா கத்தினாள், அவன் நின்றான், நான் புகை விட்டேன். என் வாழ்வில் நான் செய்த கோழைத்தனம் அதுதான். நகரசபையிலும் நான் சிரிக்காமல் இருந்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது.

திருநாள் அன்று நான் அழுதேன் என்று எழுதினேன். உன் பாட்டுக்கு என்று நீ நினைத்திருப்பாய். பாதி அதற்குத்தான். மீதி, நான் வாயைத் திறக்காத இடத்தில் என் பெரிய மகன் விரலால் பேசினானே, அதற்கு.

உன்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைதட்டு வாங்கப் பிறந்தவன், அதைத் தானே திருப்பிக் கொடுத்தாய். நான் எழுதியதில் எது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் நிற்பீர்கள்.

உன் அப்பா,
மெல்கியோர்

&nbsp;

எல்ஸ்ரோடா,
1765 டிசம்பர் 8

அன்புத் தம்பி வாலண்டினுக்கு. எல்லோரும் சுகம். நீ சுகமா? சிபில்லா கண்ணாடிப் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கிவிட்டாள். ஒன்று உடைந்தது, அது உன் கணக்கு என்று சொல்லச் சொன்னாள்.

பிப்ரவரியில் நீ ஒன்று கேட்டாய். வேண்டும். ரொம்ப வேண்டியிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும்.

அக்டோபரில் ஏன் என்று கேட்டாய். அதைச் சிபில்லா எழுதிவிட்டாள். அவள் எழுதாத ஒன்று உண்டு. அந்த மூன்றாவது பாட்டில் ஆர்கன் பதில் சொல்கிற இடம் வந்தபோது உன் முதுகைப் பார்த்தேன். நான் வாசிக்க வாசிக்க உன் தோள் மெல்ல இறங்கிற்று. சின்ன வயதில் காய்ச்சலில் உன் கட்டிலருகே உட்கார்ந்து பாடுவேனே, அப்போதும் இப்படித்தான் இறங்கும். பதவி போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே தோன்றியது.

நகரசபை அந்தத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டது. ஆர்கன் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். பையன்கள் கேட்டால், என் தம்பி எனக்கு எழுதியது என்கிறேன்.

ஈஸ்டருக்கு ஒரு புதுக் கீர்த்தனை வேண்டும். எனக்கு எழுத வராது. நீதான் அனுப்ப வேண்டும். வண்டிக்காரன் வாசலில் கத்தினால் அவசரப்படாதே, அடுத்த வண்டியில் அனுப்பு.

ஆர்கன் தாளை எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் எழுது. நான் இருக்கிறேன்.

உன் அண்ணன்,
டோபியாஸ்